சென்றாயன் மாமா என்னிடம் கேட்காத வார்த்தை

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தேனி முதியோர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த என் தாய்மாமா சென்றாயன் காலமாகிவிட்டார். ஒரே மகள் செல்வி கனடாவில் இருக்கிறாள். அதனால் முதல் செய்தி எனக்கு. சாவுக்காவது என்னைத் தேடுகிறார்கள்.

கடைவீதியில் அவரை அறியாதவர் இல்லை. காயைக் கிள்ளி முகர்ந்துவிட்டு நழுவுகிறவர்களிடம், "மோந்ததுக்குக் காசு வேண்டாம், மறுக்கா வந்து மோந்துக்கங்க" என்பார். மதுரையில் என்னைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வந்தவர், வார்டனிடம் "அக்கா மகன்தான். நாளைக்கு நமக்கே மாப்பிள்ளை" என்றார். அதை நான் நம்பினேன்.

எங்களில் முறைப்பெண்ணை வெளியே கொடுப்பதானால், முறைப்பையனிடம் வெற்றிலை பாக்கு வைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மாமா கேட்கவில்லை. செல்வியின் கல்யாணப் பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. அதன்பிறகு அவர் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அத்தை இறந்தபோது சுடுகாடு வரை போய்விட்டுத் திரும்பினேன்.

பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. இல்லத்தில் விஆர் கண்ணாடி வைத்திருந்தார்கள். போடி கடைவீதியைப் படம்பிடித்து அதில் ஏற்றியிருந்தார்கள். இங்கே மாமாவும் அங்கே செல்வியும் மாட்டிக்கொண்டால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம். அதற்குள் எல்லோருக்கும் பொம்மை உருவம்தான், சொந்த முகம் தெரியாது.

"நான் வராத நாள்ல யாரோடயும் பேச மாட்டேங்கிறாக அத்தான். ஒருக்கா போயிப் பாருங்களேன்" என்று செல்வி தொலைபேசியில் அழுதாள்.

போனேன். ஏன் கேட்கவில்லை என்று, நினைவு முழுதாகப் போகுமுன் அவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். மாமா என்னை வெறுமனே பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் இருவருக்கும் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

"யாரு தம்பி? சரக்கு வாங்க வந்தீகளா?"

"சும்மா உக்காரலாம்னு வந்தேன்."

"உக்காருங்க. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அக்கா மகன் ஒருத்தன் இருக்கான். அவன்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, எனக்கே குடுங்கம்பான். பிள்ளைக்கு அவனப் பிடிக்கலையே தம்பி. சிரிக்கவே தெரியாத பயலோட எப்பிடிப்பா காலம் தள்ளன்னு கேக்குது. இத அவன் மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்ல? கேக்காம விட்டா என்னத்தான வைவான்? வஞ்சுட்டுப் போறான்."

என்மேல் இரக்கப்பட அவருக்கு யார் உரிமை கொடுத்தது? சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

"கல்யாணத்துக்கு வருவானா தம்பி?" என்றார்.

என் கண்ணாடியைக் கழற்றினேன். அவர் கையைப் பிடித்து, "மாமா, வந்துட்டேன்" என்றேன்.

கையை உதறினார். கண்ணாடி மாட்டிய முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடினார். "இங்கன ஒரு தம்பி இருந்தாகளே. நல்ல மனுசன். எங்கன போனாக?"

திரும்ப மாட்டிக்கொண்டேன். "வந்துட்டீகளா" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அப்புறம் ஞாயிறுதோறும் அந்தத் தம்பியாகவே போய்வந்தேன். அக்கா மகனை அவர் ஒருநாளும் அடையாளம் காணவில்லை.

செல்வியிடம் எதையும் சொல்லவில்லை. மாமாவின் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போய்க் கண்ணாடியை வாங்கி மாட்டினேன். கடைவீதியில் வெயிலும் கூட்டமும் அப்படியே இருந்தன. பெஞ்சில் யாரும் இல்லை. ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

"வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.