கல்யாண வண்டியும் நான் கேட்ட ஒரு வார்த்தையும்

சபையார் எல்லாரும் கை வைத்து ஆசீர்வதித்த ஒரு வண்டியை, "இதை உடைத்துப் போடும் ஆண்டவரே" என்று நான் ஜெபித்தேன். ஒருநாள் இருநாள் அல்ல, பத்து மாதம். அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். அதைச் சொல்லத்தான் விசுவாசக் குடும்பத்தாராகிய உங்களுக்கு எழுதுகிறேன். இந்தப் பெண் கோபமாக எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். ஸ்தோத்திரமும் சொல்வேன், கோபமும் படுவேன். இரண்டுக்கும் எனக்கு இருப்பது ஒரே வாய்.

என் பெயர் கிரேஸ். பிறந்த ஊர் கம்பம். அப்பா அங்கே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். 2008 பிப்ரவரியில் தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஜான்சன், போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசாமல் இருந்ததுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினையே.

பெண் பேச வந்த அன்று என் மாமியார், "நாங்க எதுவுமே கேக்கல. மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி மட்டும் எடுத்துக் குடுத்துருங்க" என்றார். எதுவுமே கேட்காதவர்கள் என்ன வண்டி கேட்டார்கள் தெரியுமா? என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தபோது இவர்கள் தங்கள் மருமகனுக்கு நூற்றைம்பது சிசி வண்டி கொடுத்திருந்தார்களாம். "எங்க மருமகனுக்கு நாங்க அவ்வளவு செஞ்சிருக்கோம். எங்க மகன் அதுக்குக் கொறஞ்சத ஓட்டுனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். நல்லாவா இருக்கும், நல்லாவா இருக்கும் என்று பேசிப் பேசியே இருநூற்று இருபது சிசியில் வந்து நின்றது. முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டு, ஆள் குனிந்து ஓட்டுகிற சிவப்பு ரேஸ் வண்டி. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கப்படுகிறார் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

அவர் வாழ்நாளில் ஓட்டியது ஒரு சைக்கிளும் தன் அப்பாவின் பழைய மொபெட்டும்தான். லைசென்ஸ் இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் கொண்டுவந்த ஒரு சின்ன வண்டியில் ஒருமுறை எட்டுப் போட்டு வாங்கியது. இது அவர் அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்ததும் வண்டியை ஆலயத்து வாசலில் மாலை போட்டு நிறுத்தினார்கள். போதகர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஜெபித்தார். சபையார் டேங்கின் மேலும் சீட்டின் மேலும் கை வைத்து ஆமென் சொன்னார்கள். கம்பத்திலிருந்து வந்திருந்த என் சிநேகிதி முருகேஸ்வரி என் காதில், "நாங்க டயருக்கு அடியில எலுமிச்சம்பழத்த வைக்கிறோம். நீங்க டேங்கு மேல கைய வைக்கிறீக. அம்புட்டுத்தான்டி வித்தியாசம்" என்றாள். நானும் சிரித்தேன். இத்தனை பேர் ஜெபித்தோமே, ஓட்டப்போகிறவருக்கு ஓட்டத் தெரியுமா என்று ஒருவர் கேட்டோமா? நான் கேட்டேனா? என் முதல் கோபம் என் மேல்தான்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்குக் கம்பம் கிளம்பினோம். பின்சீட்டு ஏணி மாதிரி தூக்கிக்கொண்டு இருந்தது. கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு ஒருபக்கமாக அதில் உட்கார்ந்தேன். சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க ஒரு கம்பிக்கூடு உண்டே, அதைக் காணோம். வண்டியின் அழகு கெடுகிறது என்று நாத்தனாரின் வீட்டுக்காரர் கழற்றச் சொன்னாராம். தெருவே பார்க்க, வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி குதித்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அப்பாவின் மொபெட்டில் நோட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு உத்தமபாளையம் வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனவள். பத்தடி தாண்டுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதருக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது.

பழனிசெட்டிபட்டி தாண்டியதும் அவர் கையைக் கொஞ்சம்தான் முறுக்கினார். வண்டி எங்களை உருவிக்கொண்டு ஓடியது. எதிரே பஸ் வர, பயந்து பிரேக்கைப் பிடித்தார். முன்சக்கரம் சறுக்கி எப்படியோ நிமிர்ந்தது. வீரபாண்டி வருவதற்குள் என் முந்தானை செயினுக்குள் போய்விட்டது. நல்லவேளை, வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிழிந்தது சேலையோடு போயிற்று. டீக்கடை ஓரமாக நின்று, "உங்களுக்கு இத ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் இருக்குல்ல" என்றார்.

"நான் லைசென்ஸக் கேக்கல. ஓட்டத் தெரியுமான்னு கேட்டேன்."

"பழகிட்டா சரியாயிரும். எங்க வீட்டுல யார்ட்டயும் சொல்லிராத."

கம்பத்தில் சேலையைப் பார்த்து அம்மா பதறினாள். "காத்துல மாட்டிக்கிருச்சு" என்று அவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். நான் சொன்ன முதல் பொய் அது.

அதற்குப் பிறகு தினமும் போடிக்கு அந்த வண்டியில்தான் போனார். ஒருநாள் முழங்கை உரிந்து வந்தார். நாய் குறுக்கே வந்ததாம். ஒருநாள் கால் வீங்கி வந்தார். ரோட்டில் மணலாம். இன்னொரு நாள் எருமை. தேனிக்கும் போடிக்கும் நடுவில் உள்ள அத்தனை ஜீவராசிகளும் என் வீட்டுக்காரரைக் குறிவைத்து அலைந்தது போல இருந்தது. ஒருநாளும், "எனக்குத் தெரியலடி" என்று மட்டும் வாயில் வரவில்லை. நான் மாமியாரிடம் போய்ச் சொன்னேன். "ஆம்பளப்பிள்ள ரெண்டு தடவ விழுந்துதான் படிக்கும். நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார். அவருக்குப் பதில் சொல்லாமல் பாத்திரத்தை நான் தேய்த்த தேய்ப்பில் பாத்திரம் தேய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். பிரயாணப் பாதுகாப்புக்காக என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சந்தோஷமாக ஜெபித்திருப்பார்கள். நான் எழுந்து, "எங்க வீட்டுக்காரவுகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அத அவுக தன் வாயால சொல்லணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க" என்றேன். ஜெபம் நடத்திய அம்மா, "கட்டுன புருஷன அவமானப்படுத்தச் சொல்லி ஜெபிக்கக் கூடாதும்மா. வண்டிய ஆண்டவர் கைல குடுத்தாச்சுல்ல, அவர் பாத்துக்கிருவாரு" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஹேண்டில்பார் அவரு கைல இல்லம்மா, இவுக கைல இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு மன்னிப்பும் கேட்டேன். ஆனால் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று முதல் அடுப்படியில் நின்றுதான் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை. "ஆண்டவரே, ஒன்று இந்த வண்டியை உடையும், இல்லாவிட்டால் இவர் வீம்பை உடையும். இரண்டையும் உடைத்தாலும் சரி. எலும்பை மட்டும் உடைக்காதேயும்." இவ்வளவுதான். தினமும் இதே வார்த்தைகள். மாதங்கள் போயின. எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. கேட்கிறீரா இல்லையா என்று ஆண்டவரிடமே கத்தியிருக்கிறேன்.

2009 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. எனக்கு ஐந்தாம் மாதம். நாத்தனாரின் வீட்டுக்காரர் வந்து, "மாப்ள, போடிமெட்டுக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துருவமா? அந்த வண்டிய மலையில ஓட்டலன்னா அது வண்டிக்கே கேவலம்" என்று கூப்பிட்டார். போடிமெட்டு மலைப்பாதை என்றால் கொண்டை ஊசி வளைவுகள். அதில் பஸ் டிரைவரே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திருப்புவார். நான் வாசலில் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"போகாதீக" என்றேன்.

"அத்தான் கூப்புடுறாக. என்னன்னு சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. நாலே எழுத்து."

என்னைத் தாண்டி வண்டியை உருட்டிக்கொண்டு போனார். அந்த நிமிடம் நான் பட்ட கோபத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. வயிற்றுப் பிள்ளையைக் கையால் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு அப்பா இருப்பாரா என்று நினைத்தேன். உள்ளே போனவளுக்கு இரண்டு மணி நேரம் ஒரு வேலையும் ஓடவில்லை. பிறகு அடுப்பில் இட்லிச் சட்டியை ஏற்றிவிட்டு, சத்தம் போட்டே ஜெபித்தேன். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழே முக்கால்.

எட்டரைக்குப் போன் வந்தது. எடுத்து ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"கிரேஸ், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

முதல் வார்த்தை அதுதான். விழுந்ததைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார். நான் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நடந்தது இது. ஏறும்போது எப்படியோ ஏறிவிட்டார். இறங்கும்போது இரண்டாவது வளைவில், ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் மேலே வந்தது. இவர் பயத்தில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். வண்டி படுத்து, இவரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் போய், ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது. ஜீப்பின் சக்கரம் இவர் தலையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. வண்டியின் மூக்கு நொறுங்கிவிட்டது. இவருக்குக் கணுக்காலில் தோல் உரிந்தது. ஒரு எலும்பு முறியவில்லை. நேரம் ஏழே முக்காலை ஒட்டி இருக்கும் என்று அவரே சொன்னார். தற்செயல் என்று யாராவது என்னிடம் சொல்லிப் பாருங்கள்.

ஜீப் டிரைவர் இறங்கி இவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாராம். குடித்து முடிக்கிற வரை பொறுத்திருந்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தாராம். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். கடைசியில், "ஏலே, ஓட்டத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டார்.

அத்தான் பக்கத்தில் நிற்கிறார். ஜீப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் பார்க்கிறார்கள். இவர், "தெரியாது" என்றார்.

"பெறகு எதுக்குடா இதுல ஏறுன?"

"கல்யாணத்துக்குக் குடுத்தாக."

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பெண், "குடுத்தாகன்னா வெசத்தக் குடுத்தாலும் குடிச்சிருவியாய்யா?" என்று கேட்டாளாம். பதினொரு மாதம் நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை, முகம் தெரியாத அந்தச் சகோதரி ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். ஆண்டவர் எனக்கு அனுப்பிய தூதர்கள் வெள்ளை உடையில் வரவில்லை. கெட்ட வார்த்தை பேசுகிற ஒரு டிரைவரும் தலையில் துண்டு கட்டிய ஒரு தோட்ட வேலைப் பெண்ணும்தான் வந்தார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

அன்று அவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். நான் சூடாக இட்லி வைத்தேன். அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டு என் முன்னால், "அம்மா, எனக்கு ஆரம்பத்துலருந்தே தெரியாதும்மா. ஒவ்வொரு நாளும் சாவப் போற மாதிரிதான் கெளம்புனேன்" என்றார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமியார் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போயிற்று. மீதிப் பாதிக்காக நீங்களும் ஜெபியுங்கள்.

சிவப்பு வண்டியை விற்றுவிட்டோம். ஆலயத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், சாயங்காலம் சாயங்காலம், என் மாமனாரின் பழைய மொபெட்டிலிருந்து ஆரம்பித்து அவர் ஓட்டப் பழகினார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று கத்துவேன். பஜாரில் கேலி பேசினார்கள். பேசட்டும். இப்போது ஒரு சின்ன வண்டி இருக்கிறது, கம்பிக்கூட்டோடு. மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. அவள் அப்பா தினமும் வீட்டுக்கு வந்து சேருகிறார்.

மகளின் ஞானஸ்நானத்தன்று சாட்சி சொல்ல எழுந்தவர் அவர்தான், நான் இல்லை. அதிர்ந்து பேசாத மனிதர் மைக்கைப் பிடித்து, "எனக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டத் தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்" என்று சபை நடுவில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை என்னைக் கண்டித்த அம்மா முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் இப்போதெல்லாம் யாராவது வண்டிச் சாவியை நீட்டினால், "ஓட்டப்போறது யாரு? நல்லாத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். இரண்டு பேரின் சாவியைத் திருப்பிக் கொடுத்து, பழகிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

அன்பானவர்களே, ஆண்டவரிடம் பாதுகாப்பைக் கேளுங்கள். அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள். அவர் கோபக்காரியின் ஜெபத்தையும் கேட்கிறார். மாப்பிள்ளைக்கு வண்டி பேசுகிற பெற்றோரே, உங்கள் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அது வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஞானஸ்நானத்தன்று ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, இரண்டு வாலிபர்கள் தனித்தனியாக என் வீட்டுக்காரரிடம் வந்தார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கும் தெரியாதுண்ணே" என்றார்கள். மூன்றாவதாக வந்தவர் நாத்தனாரின் வீட்டுக்காரர். தலையைக் குனிந்துகொண்டே, "மாப்ள, அன்னைக்கு மலையில எனக்கும் கை நடுக்கந்தான். நீங்க மாட்டேன்னு சொல்லீருவீகன்னு நெனச்சுத்தான் கூப்புட்டேன்" என்றார்.