நாற்பத்திரண்டாவது முகம்

அச்சகத்தில் மிஷின் ஓட்டும் அண்ணன், தங்கையின் கல்லூரி வகுப்பின் பிரியாவிடை மலரை இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேருக்குத்தான் படமும் போன் நம்பரும் இருந்தன. தங்கையைக் காணோம். அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எல்லாரையும் போட்டோ எடுத்ததே அவதானேண்ணே. அதான் விட்டுப்போச்சு," என்று இளித்தான் மலரைத் தொகுத்த மாணவன்.

"மூணு வருஷம் கூடப் படிச்சவடா! கேமராவுக்குப் பின்னாடி ஒருத்தி நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"நாளைக்கு விழாண்ணே. இப்படியே அடிச்சுக் குடுத்துடுங்க."

அண்ணன் மிஷினை அணைத்தான்.

"அவளை நீயே படம் எடுத்துட்டு வா. அதுவரைக்கும் ஒரு தாள் நகராது, போ!"

மாணவன் ஓடினான். கோபம் தணியாத அண்ணன், முதல் பக்கத்திலிருந்த அவன் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தைத் தங்கைக்கு ஒதுக்கினான்.