வண்டிப் பலகையில் மாட்டிய மிஷின்

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி ராமாத்தாளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது 1957 ஆனி மாதத்தில். கிணற்றுப் படியில் பாசி வழுக்கிவிட்டது. எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஒன்றரை மாதம் கழித்து அவிழ்த்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்திருந்தது. குடம் தூக்கலாம், வாசல் பெருக்கலாம். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றினால் மட்டும் தோள்வரை வலி ஏறும்.

அந்த வீட்டில் அரைப்பதை நிறுத்த வழியில்லை. மாமனாருக்கு ஒரு பல்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக் கமலாத்தாள்தான் தன் வீட்டு மாவோடு இவளுடையதையும் சேர்த்து ஆட்டிக் கொடுத்துவந்தாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுவே ராமாத்தாளுக்கு உறுத்தலாக இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் அரைக்கிற மிஷின் வைத்திருக்கிறார்கள் என்று அவள் புருஷன் பழனிச்சாமி சந்தையில் கேட்டுவந்தார். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

கடையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று கண்ணாடிக் குவளையும் வயரும் கொண்டது. மற்றது கனத்த இரும்பு. மேலே அகன்ற வாய், பக்கத்தில் கைப்பிடி, அடியில் மேசை விளிம்பில் மாட்டி இறுக்க ஒரு திருகு. கடைக்காரர் முதல் கேள்வியாக, உங்கள் வீட்டுக் கரண்ட் ஏசியா டிசியா என்று கேட்டார். பழனிச்சாமி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"பல்பு எரியுதுங்க," என்றார் பழனிச்சாமி.

கடைக்காரர் மறுபடி கேட்டார். ஒரே ஒரு பல்புதான், அதுவும் சில நாள் மங்கலாக எரியும் என்று இவர் விளக்கினார். ராமாத்தாள் தனக்கு வேண்டியதைக் கேட்டாள்: எதில் இட்லி மாவு ஆட்டலாம், எதில் சட்னி அரைக்கலாம்? இரண்டிலும் எல்லாம் ஆகும் என்றார் கடைக்காரர்.

"ரெண்டுலயும் எல்லாம் ஆகும்னா, எதுக்குங்க ரெண்டு?" என்று கேட்டாள்.

அதற்கு அவர் சிரித்தார். கரண்ட் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டியதில்லை என்பதாலேயே இரும்பு மிஷினை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் மேசை இல்லை என்பது திரும்பி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலில் மாமனாரின் கயிற்றுக் கட்டில் சட்டத்தில் மாட்டினார்கள். சுற்றச் சுற்றக் கட்டிலும் ஆடியது, கட்டிலில் படுத்திருந்தவரும் ஆடினார். கடைசியில் வாசலில் நின்ற மாட்டுவண்டியின் பின்பலகைதான் சரியான கனத்தில் இருந்தது. ராமாத்தாள் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு இடது கையால் சுற்றினாள்.

தேங்காய் நசுங்கிச் சக்கையாக வந்தது. பால் வேறு பக்கமாகக் கைப்பிடி வழியே வழிந்து அவள் முழங்கையில் இறங்கியது. ஊறவைத்த அரிசியைப் போட்டாள். பாதி உள்ளேயே அடைத்துக்கொண்டது, மீதி சாம்பல் நிறத்தில் பிதுங்கியது. கூட வந்த காகிதத்தில் ஒரு மீனும் மாட்டுத் தொடையும் படமாக இருந்தன. மற்றதெல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூட வாத்தியார் அதைச் சத்தமாக வாசித்தார், ஆனால் சமையல் வார்த்தைகள் தனக்கும் புரியவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார். தப்பு மிஷினிலா, தன் கையிலா, அரிசியிலா என்று ராமாத்தாளுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிற இட்லியை மாமனார் எதுவும் கேட்காமல் தின்றது அவளை இன்னும் குழப்பியது.

ஒரு வாரம் கழித்துப் பழனிச்சாமி மிஷினைக் கழற்ற மறந்து, அப்படியே வண்டியைக் கஞ்சிக்கோட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். டீக்கடை முன்னால் நிறுத்தியதும் கடைக்காரர் சிலுவைராஜ் இறங்கி வந்து பார்த்தார். பீர்மேட்டில் துரை பங்களாவில் பத்து வருஷம் சமையல் பார்த்தவர் அவர். முன்பக்கத் திருகைக் கழற்றி, ஓட்டைத் தகட்டை எடுத்து, உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"கத்தியத் திருப்பிப் போட்டிருக்கீக அண்ணாச்சி. தட்டையான பக்கம் தகட்டோட ஒட்டி நிக்கணும். இப்படி இருந்தா நசுக்கும், வெட்டாது."

கத்தியைச் சரியாகத் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு, இட்லி மாவு இதில் ஒரு நாளும் ஆகாது என்றும் சொன்னார். துரை வீட்டில் அது கறி கொத்துகிற மிஷின். மிஷின் விற்ற கோயம்புத்தூர்க் கடைக்காரரே கத்தியைத் தலைகீழாகப் போட்டுக் கொடுத்தாரா, தாங்கள் கழுவும்போது மாற்றினோமா என்று பழனிச்சாமி வழியெல்லாம் யோசித்தும் முடிவு தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஊறிய கடலைப்பருப்பைப் போட்டுச் சுற்றினாள் ராமாத்தாள். வடைக்கு வேண்டிய பதத்தில், ஒன்றிரண்டாக, உதிரியாக வந்தது. நாலு வீட்டுக்கு ஆகும் பருப்பை ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் அரைத்துவிட்டாள். மாமனாருக்கு மட்டும் இரண்டு தரம் விட்டு எடுத்து ஆவியில் வேகவைத்துக் கொடுத்தாள். வெங்காயமும் தேங்காயும்கூட அழகாக வந்தன. மாவு மட்டும் கமலாத்தாள் வீட்டு ஆட்டுக்கல்லில்தான். பதிலுக்கு அவள் வீட்டு வடைப்பருப்பெல்லாம் இங்கே வந்தது.

தீபாவளிக்கு முன் கமலாத்தாள் வந்து, தானும் அப்படி ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டாள். ராமாத்தாள் இடது கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலீங்கக்கா," என்றாள். "வடைக்குன்னா வாங்குங்க. மாவுக்குன்னா வேண்டாமுங்க. ரெண்டுலயும் எல்லாம் ஆகும்னு அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் எனக்கே இன்னும் வெளங்கலீங்க."