முறுக்கு டப்பாவில் போன புத்தகம்

ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவல் வேலை பார்க்கிறார் வெள்ளியங்கிரி. வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காருக்குக் கேட் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கையில் ஒரு நூலகப் புத்தகம் இருக்கும். அடுத்த கார் ஹாரன் அடிக்கும் வரைக்கும் தலை நிமிராது. அதற்காக அசோசியேஷன்காரர்கள் இரண்டு முறை எழுத்தில் எச்சரித்திருக்கிறார்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். படிக்கிற பழக்கம் அவருக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, மில்லில்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல்மில்லில் அவர் ஸ்பின்னிங்கில் இருந்தார். நான் அங்கே சங்கத்து வேலை பார்த்தவன். துண்டறிக்கை எழுதுவது என் வேலை. அதை உள்ளே கொண்டுபோவது அவர் வேலை. கேட்டில் சட்டைப்பையைத் தடவுவார்கள், சாப்பாட்டுப் போசியைத் திறந்து பார்ப்பார்கள். வெள்ளியங்கிரி அறிக்கைகளைப் பாலிதீன் கவரில் சுற்றிப் போசியின் அடியில் வைத்து, மேலே தயிர்ச்சோற்றை அமுக்கிக் கொண்டுபோவார். சோற்றுக்குள் கையை விட்டுப் பார்க்க எந்த வாட்ச்மேனும் துணியவில்லை.

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தவை இரண்டே விதிகள். மறைத்துக் கொண்டுபோ. மாட்டினால் கொடுத்தவன் பேரைச் சொல்லாதே.

உள்ளே அறிக்கையைக் கொடுக்கும்போது ஒரு தடவை மாட்டினார். ஒன்பது நாள் சஸ்பெண்ட். மேனேஜர் அறையில் நிற்கவைத்து, பேரைச் சொன்னால் இன்றைக்கே ஷிப்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் வாயிலிருந்து என் பேர் வரவில்லை.

கொண்டுபோன காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது அவர் வாசிப்பு. தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்க சங்க ஆபீசுக்கு வருவார். அப்புறம் அங்கே அலமாரியில் கிடந்த கதைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போனார். ஒரு வருசம் கழித்து என்னிடம் சொன்னார்: "தோழர், கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதறதவிட இதெல்லாம் நல்லா இருக்குதுங்."

மில் மூடினார்கள். சங்க ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அவர் காவல் வேலைக்குப் போனார்.

அவருக்கு ஒரே தங்கை, ராசாத்தாள். காரமடையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை அருள்குமாருக்குக் கறிவேப்பிலைத் தோட்டம். ரொம்ப வருசம் கழித்து அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் வர்ஷினி. மாமனின் பைத்தியம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தை எண்ணெய் சொட்டச் சொட்டப் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி போனால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், பையைத்தான் பார்ப்பாள். உள்ளே நூலகத்துப் புத்தகம் நாலு இருக்கும். அடுத்த தடவை அவர் போகும்போது நாலும் முடிந்திருக்கும். கதையில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்காகத்தான் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன் என்பார். அவருடைய வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எதையும் நான் பார்க்கவில்லை.

அருள்குமார் கெட்டவர் இல்லை. மகள் டாக்டராக வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஆறாவது முடிந்ததும் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். பெட்டியில் பாடப்புத்தகம் மட்டும் வைத்தார். கதைப் புத்தகமும் நாலு வைக்கலாமே என்று வெள்ளியங்கிரி பேச்சை இழுத்துப் பார்த்தார். அதற்கு மாப்பிள்ளை சொன்ன பதில்: "கதைப் பொஸ்தகம் பன்னெண்டாவது முடிச்சுபோட்டுப் படிக்கட்டுங்க மச்சான். அது எங்க ஓடிப்போவுது?"

அந்தப் பதிலோடு ஊர் திரும்பியவர் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

குடியிருப்பின் மூன்றாவது மாடியில் பிரவீனா என்று ஒரு அம்மா. ஐ.டி. கம்பெனியில் வேலை. தன் பையனுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு மின்வாசிப்பான் வாங்கிக்கொடுத்திருந்தார். பையன் அதை எடுத்துக்கொண்டு கீழே பார்க்கில் உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிட ஆள் வரவேண்டும். வெள்ளியங்கிரி முதலில் அதைச் செல்போன் என்று நினைத்து, கண் கெட்டுப்போகும் தம்பி என்று அதட்டியிருக்கிறார். பையன் கையில் கொடுத்துக் காட்டினான். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள் மாதிரி. பேச முடியாது, விளையாட முடியாது, படம் பார்க்க முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். நூறு புத்தகம் உள்ளே போனாலும் எடை ஏறாது.

நூறு புத்தகம், ஆனால் உள்ளங்கை அகலம். வெள்ளியங்கிரிக்கு உடனே என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளி போனஸ் வரைக்கும் பொறுத்தார். அந்தப் பணத்துக்குப் பிரவீனா அம்மாவே வாங்கிக்கொடுத்து, தமிழ்ப் புத்தகங்களை ஏற்றியும் கொடுத்தார். எந்தெந்தப் புத்தகம் என்று வெள்ளியங்கிரி ஒரு தாளில் எழுதி நீட்டியிருக்கிறார். நாற்பது பேர்கள். நாற்பதும் அவர் படித்தவை, சண்டை போடுவதற்குத் தோதானவை.

பெற்றோர் பார்க்கப்போகும் ஞாயிறன்று தங்கையோடும் மாப்பிள்ளையோடும் அவரும் போனார். கையில் ஒரு முறுக்கு டப்பா. அடியில் கருவியும் சார்ஜரும், அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் முறுக்கு. விடுதி வாசலில் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். முறுக்கைக் கிளறவில்லை. தங்கைக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. வர்ஷினியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போய் இரண்டு விதியையும் சொன்னார்.

"செல்லு இல்ல கண்ணு, பொஸ்தகந்தான். ஆனா யாருக்கும் காட்டாதே. மாட்டினாலும் மாமன் பேரைச் சொல்லிப்போடாதே."

ஊருக்கு வந்ததும் என் வீடு தேடி வந்து சொன்னார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். போசிக்குப் பதில் டப்பாவா என்று கேட்டேன். அன்றைக்கு நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்தொன்பது நாள் அவள் படித்தாள். துணி காயப்போடும் கொடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கிடைத்த நேரத்தில் எல்லாம். இருபதாவது நாள் குடிதண்ணீர் மெஷின் பக்கத்து பிளக்கில் சார்ஜ் போட்டபோது வார்டன் பார்த்துவிட்டார். இது செல் இல்லீங்க மிஸ், புத்தகம் என்று வர்ஷினி சொல்லியிருக்கிறாள். புத்தகத்துக்கு எதுக்குடி சார்ஜர் என்று கேட்டு வாங்கிப்போனார் வார்டன்.

யார் கொடுத்தது என்று விசாரித்தார்கள். அவள் சொல்லவில்லை.

அந்த விடுதியில் பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் வீட்டுக்குப் பேசலாம். வர்ஷினி பேரைச் சொல்கிற வரைக்கும் அவளுடைய அறையில் யாருக்கும் அந்த ஐந்து நிமிடம் கிடையாது என்றார் வார்டன். அறையில் பதினெட்டுப் பிள்ளைகள். இந்த வித்தையை மில்லில் நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் மேல் கோபம் என்றால் டிபார்ட்மெண்ட் முழுக்க போனஸை நிறுத்துவார்கள். மீதியைத் தொழிலாளிகளே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எங்களுக்குப் பின்னால் சங்கம் இருந்தது. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

முதல் ஞாயிறு பிள்ளைகள் கெஞ்சினார்கள். இரண்டாவது ஞாயிறு திட்டினார்கள். மூன்றாவது ஞாயிறுக்கு அப்புறம் யாரும் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் காலி. வயது பதினொன்று. சொல்லவில்லை.

புள்ளை மூணு வாரமா ஃபோன் பண்ணவில்லை என்று ராசாத்தாள் அண்ணனிடம் புலம்பியிருக்கிறாள். வெள்ளியங்கிரி கவலைப்படவில்லை. கதையில் மூழ்கிப்போயிருப்பாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

நாலாவது வாரம் பள்ளி அப்பனைக் கூப்பிட்டது. உங்கள் பெண்ணிடம் ரகசியமாக ஒரு கருவி இருந்தது, கொடுத்தது யார் என்று சொல்ல மறுக்கிறாள் என்றார்கள். ஒரு பெண்பிள்ளையின் அப்பனுக்கு அது எப்படிக் கேட்கும்? ஆபீஸ் ஆட்கள் நிற்க, எவன் கொடுத்தான் என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தார் அருள்குமார். அது வரைக்கும் அவளை அவர் கை நீட்டி அடித்ததில்லை. அப்போதும் அவள் சொல்லவில்லை.

கூடப் போயிருந்த ராசாத்தாள் பள்ளி மைதானத்தில் நின்று அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். "ஏனுங்கண்ணா, எவனோ என்ற புள்ளைக்குச் செல்லு குடுத்திருக்கறானுங். பேரைச் சொல்ல மாட்டீங்கறா. என்ன ஆச்சோன்னு நெஞ்சு பதறுதுங்கண்ணா."

அது நான்தான் என்றார் வெள்ளியங்கிரி. நேரில் வந்து சொல்லச் சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைத்தாள். யூனிபார்மைக்கூட மாற்றாமல் காந்திபுரம் போய் பஸ் ஏறினார்.

பிரின்சிபால் மரியாதையாகத்தான் பேசினாராம். மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். படிப்புக் கருவிக்கான அனுமதி. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் கருவியை நூலகத்தில் வைத்துக்கொள்வார்கள். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளை எடுத்துப் படிக்கலாம். ஏற்கனவே மூன்று பிள்ளைகளுக்கு அப்படி இருக்கிறது. நேராகக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் நாங்களே வாங்கி வைத்திருப்போமே, எதற்கு ஒளித்தீர்கள் என்று கேட்டார்.

நேராகக் கொடுக்கலாம் என்ற யோசனையே வெள்ளியங்கிரிக்கு வரவில்லை. கேட் என்றால் மறைத்துக் கொண்டுபோவது என்றுதான் இருபது வருசம் பழகியிருக்கிறார். எங்கள் கேட்டில் அது சரி. ஒரு குழந்தையின் தலையில் அதை ஏற்றியது தப்பு. அவர் தப்பு பாதி, என் தப்பு பாதி.

வர்ஷினியைக் கூட்டிவந்தார்கள். மாமனைப் பார்த்ததும் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் சொல்லலீங்க மாமா."

"தெரியுங் கண்ணு. நானே சொல்லிப்போட்டேன்."



"அப்ப எதுக்குங்க மாமா நான் சொல்லாம இருந்தேன்?"

அழவில்லை. கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் அருள்குமார், "நீங்க தப்பானவரு இல்லீங்க மச்சான். ஆனா இனி என்ற புள்ளைக்கு எதுவும் வாங்கித் தராதீங்க" என்றார். எங்கள் பக்கத்தில் உறவை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

ஆனாலும் வெள்ளியங்கிரி விடவில்லை. கையில் அந்தப் படிவத்தோடு காரமடைக்கு நடையாய் நடந்தார். வீட்டுக்குள் போக முகம் இல்லாமல் தோட்டத்து வாய்க்கால் மேட்டில் நின்றார். ஐந்தாவது ஞாயிறு, கறிவேப்பிலைக் கட்டுகளை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து அருள்குமார் கையெழுத்துப் போட்டார். உள்ளே வந்து சாப்பிட்டுப் போங்க என்றும் சொன்னார்.

பள்ளி நூலகத்தில் கருவி முறையாகப் போய்ச் சேர்ந்தது. மேலே வர்ஷினி பேர் ஒட்டியிருந்தது. அவள் எடுக்கவில்லை.

அடுத்த தடவை விடுதிக்குப் பார்க்கப் போனபோது வெள்ளியங்கிரி, இப்போது யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எடுத்துப் படி என்றார். பரீச்சை இருக்குதுங்க மாமா என்றாள். பரீச்சை முடிந்து போனபோது, போட்டித் தேர்வு வகுப்பு இருக்கிறது என்றாள். முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். முறுக்கைப் பதினெட்டுப் பேருக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிறாள். அவர்கள் இப்போது அவளோடு பேசுகிறார்கள். தன்னை மட்டும் தனியாக நிறுத்துகிற எதையும் அவள் தொடுவதில்லை, அவ்வளவுதான். மே மாத விடுமுறையில் அவர் வழக்கம்போல் பையில் நாலு புத்தகத்தோடு போனார். நாலும் பிரிக்காமல் திரும்பி வந்தன. மார்க்கெல்லாம் நல்ல மார்க். அப்பனுக்குத் திருப்தி.

அந்தப் பள்ளியின் நூலகப் பொறுப்பில் ஜோவிதா என்று ஒரு டீச்சர். மாதம் ஒருமுறை அந்தக் கருவிக்குச் சார்ஜ் போட்டு வைப்பவர் அவர்தான். போன மாதம் வெள்ளியங்கிரி போனபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். வேறு இரண்டு பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், சும்மாதானே கிடக்கிறது, அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று.

வர்ஷினியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்தார். அவளைக் கூப்பிட்டு, ஒளிக்காமல், எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்.

"'குடுக்க வேண்டாங்க மாமா, எனக்கு வேணும்'னு அவ சொல்லிப்போடுவான்னுதானுங் தோழர் கேட்டேன்" என்றார் என்னிடம்.

குடுத்துருங்க மாமா என்றாளாம். சாப்பாட்டு மணி அடித்ததும் வரிசையில் போய் நின்றுகொண்டாளாம்.