கஞ்சி போட்ட டயர்

யுத்த காலத்தில் அருப்புக்கோட்டைக் கடைகளில் சைக்கிள் ட்யூபைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. எங்கள் கிழட்டுச் சைக்கிளின் பின்சக்கர ட்யூபிலோ, இனி ஒட்டுப் போட இடமே இல்லை.

நாங்கள் நெசவுக்காரர்கள். அறுந்தது எதுவானாலும் நூலை வைத்துச் சரிபண்ணிவிடலாம் என்ற திமிர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. அண்ணனுக்கு அது இரண்டு பங்கு.

"காத்துக்குப் பதிலா நூலை அடைச்சா பஞ்சரே ஆகாதுலே" என்றார்.

தறிக்குப் போகும் பாவு நூலை விறைக்க வைக்கக் காய்ச்சும் அதே கஞ்சியில் கழிவு நூலை முக்கினார். "கஞ்சி தண்ணியா இருக்குண்ணே" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூலை டயருக்குள் திணித்து, டயரில் ஏற்கெனவே இருந்த கிழிசலைக் கோணி ஊசியால் தைத்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டார். கல்லாகிவிட்டது.

சேலைக்கட்டோடு மல்லாங்கிணறுக்குக் கிளம்பினேன். வழியில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் என் முதுகெலும்பு தனித்தனியாகத் தெரிந்துகொண்டது. போய்ச் சேர்ந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேலைகளைக் கடையில் கொடுத்துத் திரும்பினால், இரண்டு வெள்ளாடுகள் தையலைப் பிய்த்து, டயருக்குள்ளிருந்த நூலை உருவி உருவி மென்றுகொண்டிருந்தன.

டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறும் சக்கரத்தோடு சைக்கிளை உருட்டியபடி வீடுவரை நடந்தேன். வந்த ஆத்திரத்தில் டயரை அண்ணன் முன்னால் விட்டெறிந்து நடந்ததைச் சொன்னேன்.

அவர் மிச்சமிருந்த நூலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"தண்ணியா இருக்குன்னியேலே! பதமான கஞ்சியா இருக்கப் போயித்தான ஆடு இம்புட்டையும் தின்னுருக்கு?"