பொங்காத பால்

காபி மேல் படம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு வெறி வந்ததற்குக் காரணம், எங்கள் கடைக்கு மேலே நிற்கிற செல்போன் டவர்.

செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் டவர். ஊரில் வேறு எங்கே சிக்னல் போனாலும் என் கல்லாவில் போகாது. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் என் ஒரே மகள் போன் பண்ணினாள். "நைனா, எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்குது. கட்டிக்கலாம்னு இருக்கேன். நீ இன்னா சொல்ற?"

"ஹலோ... ஹலோ... டவர் இல்லம்மா, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. அதுதான் வெட்கக்கேடு. அந்தப் பிள்ளையைப் பற்றி என் மனைவி ஆறு மாதமாகவே காதில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க எனக்கும் பிடித்துத்தான் போயிருந்தது. ஆனால் மகள் நேராகக் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். ஜோக்கும் வராவிட்டால் ஓடிவிடுவேன். கல்லாவை விட்டு ஓட முடியாது என்பதால் அன்றைக்கு டவரை ஓட வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு அழுவுறா. நைனாவுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிக்கினா."

"இஷ்டம்தான்னு நீ சொல்றதுதானே?"

"சொல்லிட்டேன். உங்க வாயால கேக்கணுமாம். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளயக் கூட்டிக்கினு வரா. அன்னிக்கும் நீங்க வாயத் தொறக்கலன்னா, இது வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடுவாளாம்."

உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அப்போது அவள் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "அந்தப் புள்ளைக்கு காபின்னா உசுராம். மேல ஹார்ட்டு, எலை எல்லாம் தானே போட்டுக் குடிக்குமாம்."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. டம்ளரில் ஒரு ஹார்ட் போட்டு மாப்பிள்ளை முன்னால் நீட்டிவிட்டால் போதும். நான் சொல்ல வேண்டியதைக் காபியே சொல்லிவிடும். நான் பக்கத்தில் நின்று பஸ்ஸில் கூட்டம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கலாம்.

அன்று முதல் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கெட்டி டிகாஷன் கீழே. பால் பொங்கக் கூடாது. கை பொறுக்கிற சூட்டோடு இறக்கிவிட வேண்டும். அதை மாவு மாதிரி நைசாக நுரைக்க வைத்து, டிகாஷனை ஒட்டினாற்போல் வைத்து ஊற்றி, கடைசியில் நடுவே ஒரு கோடு இழுக்க வேண்டும். பார்க்கக் கோலம் மாதிரி சுலபமாக இருந்தது. நான் கோலமும் போட்டதில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

முதல் எதிரி என் கை. எத்தனையோ வருஷமாகக் காபியை டம்ளருக்கும் டபராவுக்கும் ஆத்திப் பழகின கை. வீடியோவில் ஒரு பெண் கோப்பையின் காதில் ரகசியம் சொல்கிற மாதிரி கிட்டே வைத்து ஊற்றுகிறாள். என் கையோ ஊற்ற ஆரம்பித்ததுமே தானாக ஒரு முழம் மேலே போய்விடும். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் எந்தப் பால் மேலே மிதக்கும்? இறங்கு இறங்கு என்று அதட்டினால், இறங்கும்போது நடுங்கியது.

அடுத்தது பாத்திரம். கடை நிறையப் பாத்திரம் வைத்திருக்கிறவனுக்கு மூக்கு சரியாக உள்ள ஒரு பாத்திரம் கிடைக்கவில்லை. சொம்பில் ஊற்றினால் பால் என் முழங்கை வழியாகப் போனது. கடைசியில் பீரோவில், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டின வெள்ளிச் சங்கு கண்ணில் பட்டது. என்ன மூக்கு அது. ஒரு சொட்டு நினைத்தால் ஒரு சொட்டுதான் விழும்.

பால் பாக்கெட் பாக்கெட்டாகக் காலியானதும் மனைவி கத்த ஆரம்பித்தாள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்பு விட்டு அடித்தாலும் அதே நுரை வரும், பழகுவதற்கு அது போதும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியே டிகாஷனில் ஊற்றிப் பழகினேன். பாதியில் கடையிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். டம்ளரை மேடையில் வைத்துவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வந்தால், மனைவி கையில் டம்ளர்.

"இன்னாங்க, காபியில எலுமிச்சம்பழ வாசன வருது?"

"நல்லா இருக்குதா?" என்று கேட்டேன். பயத்தில் வந்த கேள்வி அது. இரண்டு நாளைக்கு அவள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

இத்தனைக்கும் வந்த படம் என்ன? எதை ஊற்றினாலும் பாறை மேல் பாறை ஏறி உட்கார்ந்த மாதிரி எங்கள் ஊர் மலைதான் வந்தது. காலையில் ராஜகிரி, சாயங்காலம் கிருஷ்ணகிரி. வெள்ளிக்கிழமைதான் ஒரு ஹார்ட் வந்தது. ஒரு பக்கம் வீங்கி, டாக்டரிடம் காட்ட வேண்டிய நிலையில்தான் இருந்தது, ஆனாலும் ஹார்ட். போட்டோ எடுத்துப் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். "வெத்தல சூப்பரா இருக்குதுண்ணே" என்றார்.

ஞாயிறு காலை பாலைச் சிறு தீயில் வைத்துக் காவல் நின்றேன். வாசலில் ஆட்டோ சத்தம். போனேன். அந்தப் பிள்ளை ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "வணக்கம் சார்" என்றார். "வாங்க வாங்க, பஸ்ல சீட்டு கெடச்சுதா?" என்றேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை என்றானதும் பார்வையைத் திருப்பிக்கொண்டு பையை எடுத்து உள்ளே வைத்தாள். அடுப்படிக்கு ஓடினேன்.

பால் நன்றாகப் பொங்கி, அடங்கி, மேலே ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி திருப்தியாக நின்றிருந்தாள்.

"பொங்கக் கூடாதுன்னு தலையால அடிச்சிக்கினேனே."

"மொத மொதல்ல வூட்டுக்கு வர்ற மாப்ளைக்குப் பொங்காத பாலயா குடுப்பாங்க? போங்க அப்பால."

வேறு பால் இல்லை. மிச்சம் இருந்ததையெல்லாம் ஒத்திகையில் நானே தீர்த்திருந்தேன். ஆடையை எடுத்துவிட்டு நுரைக்க வைத்துப் பார்த்தேன். குழந்தைகள் ஊதுகிற சோப்புக் குமிழி மாதிரி பெரிசு பெரிசாக வந்தது. சங்கில் அள்ளி ஊற்றினேன். கை ஒரு முழம் மேலே போயிற்று. மேலே நின்ற நுரையில் ஸ்பூன் காம்பால் அவசரமாக ஒரு ஹார்ட்டைக் கீறிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். அடுப்படிக்கும் ஹாலுக்கும் ஆறே அடி. அடிக்கு ஒரு குமிழியாக உடைந்துகொண்டே வந்தது. அவர் கையில் கொடுத்தபோது வெறும் காபி. அதில் ஒரு துண்டு ஆடை.

அவர் மரியாதையாக டம்ளரை ஒரு சுற்று திருப்பிப் பார்த்தார். "ஏதோ போட்டிருக்கீங்கபோல, சார்."

மகள் எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா இது?"

ஜோக் வரவில்லை. பின்னால் அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள்.

"ஹார்ட்டு" என்றேன். "உங்கம்மா பால பொங்க வுட்டுட்டா. வர்ற வழியிலயே ஒடஞ்சிடுச்சி."

"ஹார்ட்டு எதுக்கு?"

"நீ அன்னிக்கு போன்ல கேட்டியே, அதுக்கு."

அவள் விடவில்லை. "அதுக்கு?"

"சரின்னு சொல்லத்தான். எனக்கு சம்மதம்மா. ரொம்ப சந்தோசம்."

அவள் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"அப்ப அன்னிக்கு டவர் இருந்துச்சா?"

"ஃபுல்லா இருந்துச்சி."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். நாங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் பாதிக்கு மேல் குடித்திருந்தார். இவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "நைனா, சக்கரையே போடல நீ."

"இல்ல, நல்லாதான் இருக்குது" என்றார் அவர் உடனே.

பயத்தில் பொய் சொல்கிற இன்னொரு ஆள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று அப்போது தெரிந்தது. அந்த நிமிஷமே அவர் எனக்குச் சொந்தமாகிவிட்டார். டம்ளரை வாங்கிப் போய்ச் சர்க்கரை போட்டு, ஒரு முழத்துக்குக் கை தூக்கி ஆத்தினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மனைவி மேடையில் கிடந்த சங்கை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இத நல்லா தேச்சிக் கழுவி பீரோவுல வைங்க. காபி வாசன சுத்தமா போவணும். அடுத்த வருசம் இதுக்கு வேலை வந்தாலும் வரும்."

நெஞ்சு மறுபடியும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டேன்.