டவாலிக்கு முன்னே போன நீதிபதி

ராஜபாளையத்து ஆவுடையப்பனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷ டவாலி அவர். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. இவர் 'உஷ்ஷ்' என்று முன்னே போனால்தான் பின்னால் நீதி வரும்.

அந்தப் பெருமைக்கு உலை வைக்க வந்தவர் புது நீதிபதி முனீஸ்வரி அம்மா. திருவேங்கடம் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், வயலிலும் வரப்பிலும் வளர்ந்தவர். அவர் ஊருக்கு முதல் வக்கீலும் அவர்தான், முதல் நீதிபதியும் அவர்தான். ஐந்து ஊர் மாறி இங்கே வந்த முதல் நாளே, பத்தரை அடித்ததும் விறுவிறுவென்று போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வக்கீல்களில் பாதிப் பேர் டீக்கடையில். ஆவுடையப்பன் வராந்தாவில் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாய்தா கேட்டவர்களுக்கு, "கேஸ் போட்டப்ப பொறந்த பிள்ளைக்கு இப்பக் கல்யாணமே ஆயிருக்கும். இன்னைக்கே நடத்துங்க" என்று பதில் கிடைத்தது.

வக்கீல் குமாஸ்தா காளிராஜுக்குக் கொண்டாட்டம். "அண்ணாச்சி, அம்மாவுக்கு டவாலியே வேண்டாமாம்லா. மூணு மாசத்துல ரிட்டயராகப் போறீக. இப்பவே வில்லையக் கழத்திக் குடுத்திருங்க."

"போலே, வேலையத்தவனே!" என்றார். ஆனால் மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கூமாப்பட்டி வழக்கு. அண்ணன் வாய்க்காலை மூடிவிட்டான் என்றான் தம்பி. அங்கே வாய்க்காலே கிடையாது என்றான் அண்ணன். "நானே வந்து பாக்கேன்" என்று கிளம்பினார் அம்மா. ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது. பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பில் ஏறி, 'உஷ்ஷ்' என்றார்.

நாற்று நட்டுக்கொண்டிருந்த மாரீஸ்வரி நிமிர்ந்தாள். "யாரு பெரியய்யா அது, கொக்கு வெரட்டுதீகளா?"

பத்தடி போவதற்குள் ஷூ வழுக்கி, பட்டையும் வில்லையுமாகச் சேற்றில் உட்கார்ந்தார்.

அம்மா அவரைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தார். ஓரிடத்தில் பாதம் அமுங்கியது. "இது புதுசாப் போட்ட மண்ணுல்லா?" என்றார். அண்ணன்காரன் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிடும் எண்ணத்தோடுதான் ஆவுடையப்பன் வந்தார். அம்மா தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"முன்ன போங்க அண்ணாச்சி."

"நான் வேண்டாம்னு நீங்க..."

"யாரு சொன்னா? முத நாள் பத்தரைக்கு உங்களக் காணோம், நானே போனேன். நேத்து வரப்பு. அது எனக்குப் பழக்கம். இது உங்க வரப்பு. ஆனா பத்து இருபத்தொம்பதுக்கே நிக்கணும்."

ஆவுடையப்பன் போட்ட 'உஷ்ஷ்' டீக்கடை வரை கேட்டது. வக்கீல்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். காளிராஜ் சட்டையில் டீ.